எழுத்தும் படமும் ஏடும்: பத்திரிகாசிரியர் பாரதி

முண்டாசும் முறுக்கு மீசையும் இரண்டு கூரிய விழிகளும் வரையப்பட்டால் போதும்; பெயர் எழுதாமலே அது பாரதி என்று தமிழறிந்த எவரும் சொல்லிவிடுவர். கொழும்புத் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையிலும், தமிழ் பேசும் மக்கள் கூடும் எந்த இடத்திலும் இந்த உருவத்தைக் காணலாம். விழா அழைப்பிதழ்களிலும் நாட்காட்டிகளிலும் பாடசாலைச் சுவர்களிலும் அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் இந்த உருவத்துக்குரியவர், ஒரு செய்தியை மக்களிடம் கொண்டு செல்வதில் எழுத்துக்கும் படத்துக்கும் தாளுக்கும் விலைக்கும் உள்ள பங்கை நன்கு அறிந்து செயற்பட்ட பத்திரிகாசிரியர் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கவிஞர் பாரதியை அறிந்த அளவுக்குப் பத்திரிகாசிரியர் பாரதியை நாம் அறியவில்லை.

எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பிரமணியன் பிறந்தது 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி. தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் அந்த ஆண்டுக்கு வேறு சிறப்புகளும் உண்டு. சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கிய ஆண்டு அதுவே. பாரதி பிறந்து பத்து நாட்கள் கழிந்த நிலையில், டிசெம்பர் 21ஆந் திகதி, கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் மு. கா. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையின் முதலிதழை வெளியிட்டார். இலங்கை முஸ்லிம்களின் கல்வி விழிப்புணர்ச்சிக்கு அந்த ஏடு ஆற்றிய பணி அளப்பரியது. அச்சு இயந்திரமே மக்களின் ஆசானாக மாறிக்கொண்டிருந்த ஒரு காலத்தில் பாரதி பிறந்தார் என்பதை இவை உணர்த்துகின்றன.

ஐந்து வயதில் தாயை இழந்த சிறுவனின் கவித்திறன் எட்டயபுர சமஸ்தானத்தைக் கவர்ந்தது. பதினொரு வயதில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1898இல் தந்தையும் மறைந்தபின் காசியிலிருந்த அத்தையின் வீட்டுக்குச் சென்றார். தமிழும் சமஸ்கிருதமும் இந்தியும் ஆங்கிலமும், அவற்றின் வெவ்வேறு எழுத்து வடிவங்களும் அவருக்குப் பழக்கமாயின. தலைப்பாகையும் மீசையும் அங்கேதான் அவரிடம் வந்து சேர்ந்தன. ஊர் திரும்பிச் சில காலம் சமஸ்தானத்தில் இருந்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதங்கள் அளவில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். அவ்வாண்டின் இறுதியில் சுப்பிரமணிய ஐயரின் அழைப்பை ஏற்றுச் 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியரானார்.

அங்கு அவருடைய அன்றாட வேலை மொழிபெயர்ப்பே. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் எளிய தமிழில் தரவேண்டும். புதிய அரசியல் கருத்துகளுக்குத் தமிழ்ச் சொல் தேடவேண்டும். இந்தப் பயிற்சி அவருடைய உரைநடையைக் கூர்மைப்படுத்தியது. 1905இல் 'சக்ரவர்த்தினி' என்ற பெண்களுக்கான மாத இதழின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது. எனினும், தீவிர அரசியலைத் தாம் விரும்பிய வேகத்தில் எழுத, மூத்த பத்திரிகையான 'சுதேசமித்திரன்' அவருக்கு இடம் போதாததாக இருந்தது.

அந்த இடத்தை அளித்தது 1906ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் மண்டயம் குடும்பத்தினர் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகை. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டவர் வேறொருவராயினும், பத்திரிகையின் உயிராக இருந்தவர் பாரதியே. அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

'இந்தியா' பார்வைக்கே வேறுபட்டது. அது சிவப்புத் தாளில் அச்சாயிற்று. கடையில் பல ஏடுகளுக்கு நடுவே கிடந்தாலும், ஒருவர் கையில் மடித்து வைத்திருந்தாலும், இன்ன பத்திரிகை என்பதைத் தூரத்திலிருந்தே அறியலாம். சிவப்பு, புரட்சியின் நிறம். அதற்கு இசைவாக, பிரெஞ்சுப் புரட்சி உலகுக்கு வழங்கிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று கொள்கைகளும் பத்திரிகையின் குறிக்கோள்களாக முகப்பில் பொறிக்கப்பட்டன. உள்ளே இருக்கும் கட்டுரையின் முதல் வரியை வாசிப்பதற்கு முன்பே, தான் எந்தப் பக்கம் நிற்கும் பத்திரிகையைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பது வாசகனுக்கு விளங்கிவிடும். தாளின் நிறமும் தலைப்பின் எழுத்தும் சேர்ந்து ஒரு தலையங்கத்தின் வேலையைச் செய்தன எனலாம்.

இவற்றினும் முக்கியமானது அதன் கேலிச்சித்திரம். தமிழ்ப் பத்திரிகையுலகில் அரசியல் கேலிச்சித்திரத்தைத் தொடர்ச்சியாக வெளியிட்டு அதற்கு ஒரு நிலையான இடத்தை உண்டாக்கியவர் பாரதி. பஞ்சத்தால் மக்கள் வாடும் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறுவது, சுதேசிப் பொருட்களின் எழுச்சி, காங்கிரசுக்குள் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் கொண்ட பிணக்கு முதலான அக்காலச் சூடான விடயங்கள் படங்களாயின. பாரதி ஓவியரல்லர். கருத்தை அவர் சொல்ல, ஓவியர் வரைந்தார். அக்காலத்தில் பம்பாயிலிருந்து வந்த 'ஹிந்தி பஞ்ச்' போன்ற நகைச்சுவை ஏடுகளின் போக்கை அவர் அறிந்திருந்தார். ஆனால் அவற்றின் நகலாகத் தம் பத்திரிகையை அவர் அமைக்கவில்லை. கிராமத்துத் திண்ணையில் கேட்டுப் பழகிய புராணக் கதைகளும் விலங்குக் கதைகளும் அவருடைய படங்களில் அரசியல் பேசின.

படத்தை மாத்திரம் அச்சிட்டுவிட்டு வாசகனின் ஊகத்துக்கு அவர் விட்டுவிடவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. படத்தோடு அதன் பொருளை விளக்கும் எழுத்தும் இடம்பெற்றது. கேலிச்சித்திரம் என்ற வடிவமே தமிழ் வாசகருக்குப் புதிது. இன்ன உருவம் இன்னாரைக் குறிக்கிறது என்று ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 1901ஆம் ஆண்டின் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றிலும் பலர் அமர்ந்து கேட்பது அன்றைய வழக்கம். வாசிப்பவரின் குரலைக் கேட்பவரின் காதுக்கும் அவர் நீட்டிக் காட்டும் படத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கும் செய்தி ஒருங்கே சென்று சேரவேண்டும். எழுத்தறியாதவனையும் தன் வாசகனாகக் கருதிய ஒருவரால்தான் இத்தகைய ஏற்பாட்டைச் சிந்திக்க முடியும்.

விலையிலும் அதே சிந்தனை வெளிப்பட்டது. செல்வந்தர்க்கு ஒரு கட்டணம், எளியவர்க்கு ஒரு கட்டணம் என்று வாசகரின் வசதிக்கேற்பச் சந்தா விதிக்கும் முறையை 'இந்தியா' கையாண்டது. முகப்பில் சமத்துவம் என்று அச்சிட்ட பத்திரிகை, அதைக் கட்டண விபரத்திலும் காட்ட முனைந்தது. சொல்லும் வடிவமும் நடைமுறையும் ஒன்றுக்கொன்று முரண்படாதிருந்தமையே அந்த ஏட்டின் வலிமை.

ஆட்சியாளர் அதைக் கவனிக்கத் தவறவில்லை. தாய்மொழிப் பத்திரிகைகளில் வருவனவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாரந்தோறும் அறிக்கையாக்கும் வழக்கம் சென்னை அரசாங்கத்துக்கு இருந்தது. 1908இல் அடக்குமுறை உச்சத்தை அடைந்தது. வ. உ. சிதம்பரம்பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. 'இந்தியா'வின் பதிவு பெற்ற ஆசிரியரான சீனிவாசன் கைதுசெய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அச்சு இயந்திரமும் அங்கு போய்ச் சேர, ஒக்டோபர் மாதத்திலேயே 'இந்தியா' மீண்டும் வெளிவந்தது.

புதுச்சேரியின் முதல் இரண்டு ஆண்டுகள் பத்திரிகாசிரியர் பாரதியின் பொற்காலம். 'இந்தியா'வுடன் 'விஜயா' நாளேடு, 'சூரியோதயம்', 'கர்மயோகி' ஆகியவற்றிலும் அவருடைய கை இருந்தது. 1909ஆம் ஆண்டின் 'விஜயா' முகப்புச் சித்திரம் நம் கவனத்துக்குரியது. பாரத மாதா தன் கைகளில் நான்கு குழந்தைகளை ஏந்தி நிற்கிறாள். அந்தச் சித்திரத்தில் வந்தே மாதரம் என்ற முழக்கத்துடன் அல்லாஹு அக்பர் என்ற சொற்றொடரும் அதற்குரிய எழுத்திலேயே இடம்பெற்றது. ஒரு தமிழ் நாளேட்டின் முகப்பில் மற்றொரு சமூகத்தின் புனித மொழி அதன் சொந்த வரிவடிவத்துடன் இடம்பெறுவது சிறிய காரியமன்று. பெயரளவில் ஒற்றுமை பேசுவதற்கும், பிறருடைய எழுத்துக்குத் தன் முகப்பில் இடம் ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

நாட்டைத் தெய்வப் பெண்ணாக வரைந்த அந்தப் படத்தை ஒரு முஸ்லிம் வாசகர் முழுமனதோடு தமதாக ஏற்றிருப்பாரா என்ற கேள்வி எழலாம். எழுவது நியாயமே. உருவத்தை வழிபடாத மார்க்கத்தைச் சேர்ந்தவருக்கு உருவத்தின் வழியே விடுக்கப்படும் அழைப்பு முழுமையாகச் சென்றடையாது. பின்னாளில் இந்தியாவில் இதே விடயம் பெரும் விவாதமாகவும் ஆயிற்று. எனவே அந்த முகப்பு பாரதியின் நல்லெண்ணத்தை எடுத்துக் காட்டுவதோடு, படம் என்ற மொழிக்குள்ள எல்லையையும் காட்டுகிறது. ஒரு படம் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. பார்ப்பவர் யார் என்பதை அறியாமல் வரையப்படும் படம், ஒருவரை அழைக்கும்போதே இன்னொருவரை வாசலில் நிறுத்திவிடக்கூடும்.

1910இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் 'இந்தியா' நுழைவது தடுக்கப்பட்டது. வாசகரை அடைய வழியில்லாத பத்திரிகை நின்றுபோயிற்று. மற்ற ஏடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. கேலிச்சித்திரங்களுக்கென்றே தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கங்களுடன் 'சித்திராவளி' என்ற தனி இதழைக் கொண்டுவரப் பாரதி திட்டமிட்டிருந்தார். அது வெளிவரவில்லை. பத்திரிகை இல்லாத அந்த ஆண்டுகளில் 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்'டும் 'குயில் பாட்'டும் பிறந்தன. தமிழ்க் கவிதைக்கு அது பெருஞ்செல்வம். ஆனால் தமிழ்ப் பத்திரிகைக் கலை தன் தலைசிறந்த ஆசிரியரை இளமையிலேயே இழந்தது என்பதும் உண்மையே.

எழுத்தைப் பற்றிய சிந்தனை அப்போதும் அவரை விட்டு அகலவில்லை. பிறமொழிப் பெயர்களையும் ஒலிகளையும் சரியாகக் குறிக்கத் தமிழ் நெடுங்கணக்கில் போதிய எழுத்துகள் இல்லை. அதற்குச் சில குறியீடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தை 1915இல் முன்வைத்தார். சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு'வில் இது விவாதமாயிற்று. அவருடைய நெருங்கிய நண்பரான வ. உ. சிதம்பரம்பிள்ளையே அதை மறுத்து எழுதினார். தமிழின் ஒலி மரபைக் காப்பதே தலையாயது என்பது அவர் கட்சி. நாட்டுக்காக ஒன்றாக நின்ற இருவர், எழுத்துக்காக வெளிப்படையாக மாறுபட்டு நட்பையும் பேணினர்.

இந்த விவாதம் முஸ்லிம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே இதே சிக்கலைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டவர்கள். அரபு எழுத்துகளில் சில புள்ளிகளையும் குறிகளையும் கூட்டித் தமிழ் ஒலிகளை எழுதும் அறபுத்தமிழை அவர்கள் உருவாக்கினர். தமிழகத்திலும் இலங்கையிலும் மார்க்க நூல்களும் பாடல்களும் அதில் எழுதப்பட்டன; பின்னர் கல்லச்சிலும் பதிப்பிக்கப்பட்டன. மேலும், உருவம் தவிர்த்த இஸ்லாமியக் கலை எழுத்தையே சித்திரமாக்கியது. தெளிவாக வாசிப்பதற்கு நஸ்க் வடிவம், பள்ளிவாசல் சுவர்களிலும் தலைப்புகளிலும் கம்பீரமாக விளங்குவதற்குத் துலுத் வடிவம் என்று நோக்கத்துக்கேற்ப எழுத்தின் தோற்றத்தைத் தெரிவுசெய்யும் மரபு அவர்களிடம் உண்டு. இன்று எழுத்துரு வடிவமைப்பு என்று நாம் அழைக்கும் கலையின் அடிப்படை அதுவே.

1918இல் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி, எல்லையில் கைதாகிச் சில வாரச் சிறைவாசத்தின் பின் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் தங்கினார். அருகிலுள்ள பொட்டல்புதூர், முகியித்தீன் ஆண்டகையின் பெயரால் அமைந்த தர்காவினால் புகழ்பெற்ற ஊர். 1920இல் அங்கு முஸ்லிம் மக்கள் முன்னிலையில் இஸ்லாத்தின் மகிமை பற்றி அவர் உரையாற்றினார். அக்காலத்தில் அவர் எழுதிய 'ரயில்வே ஸ்தானம்' என்ற கதையில் இஸ்லாமியத் திருமணச் சட்டத்தைப் பற்றி ஒரு பிழை நேர்ந்தது. முஸ்லிம் நண்பர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியதும் பாரதி ஏற்றுக்கொண்டு திருத்தத்தையும் எழுதினார். தன் எழுத்தின் கீழேயே தன் திருத்தத்தையும் அச்சிடுவது பத்திரிகை ஒழுக்கத்தின் உயர்ந்த நிலை.

அதே 1920இல்தான் அவருடைய கடைசிப் பெரிய கனவும் உருவாயிற்று. தம் கையெழுத்துப் பிரதிகளை நாற்பது புத்தகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதிகள் வீதம் நான்கு இலட்சம் பிரதிகளை அச்சிட வேண்டும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் சென்றடைய வேண்டும் என்று திட்டமிட்டார். பணவுதவி கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். பணம் வரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் 'சுதேசமித்திரன்' மேசைக்கே திரும்பினார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டு உயிர்தப்பி, பின்னர் வயிற்றுக்கடுப்பு நோயுற்று, 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி அதிகாலையில் காலமானார். வயது முப்பத்தெட்டு. இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் மிகச் சிலரே.

மறைவுக்குப் பின் புகழ் வளர்ந்தது. காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர் 1930களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் பாரதியின் கவிதைகளைக் கற்றோர் அவையில் ஏற்றி வைத்தார். 1949இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் பதிப்புரிமையைப் பெற்று, பின்னர் அதை மக்களுக்கே உரியதாக்கியது. தீப்பெட்டி போலப் பரவவேண்டும் என்ற கனவு அவருக்குப் பின் நிறைவேறியது.

ஆனால் எதை நாம் பரப்பினோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மீசையையும் முண்டாசையும் பரப்பினோம். வாசகனை மதித்து எழுத்தை அமைக்கும் அவருடைய ஒழுக்கத்தைப் பரப்பவில்லை. காலி வீதியில் வெள்ளவத்தைப் பகுதியில் ஒருவர் நடந்து சென்று பெயர்ப்பலகைகளையும் சுவரொட்டிகளையும் பார்க்கட்டும். மூன்று மொழிகளில் எழுதப்பட்ட பலகையில் தமிழ் ஒடுங்கிக் கிடப்பதைக் காணலாம். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் சொற்களைக் காணலாம். லகரத்துக்கு ளகரமும் ணகரத்துக்கு னகரமும் மாறிப் பொருளே திரிந்த அறிவித்தல்களைக் காணலாம். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்டதை மற்றோர் எழுத்துருவுக்கு மாற்றும்போது பாதி எழுத்துகள் சிதைந்துபோன நிலையிலேயே அச்சுக்குச் சென்றுவிடுகின்றன. பார்ப்பதற்குத் தமிழறிந்த ஒருவர் அங்கு இருந்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இது அழகுணர்ச்சி சார்ந்த குறை மாத்திரமன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அந்த உரிமை ஒரு சாதாரண மனிதனுக்கு எட்டுவது ஒரு படிவத்தின் வழியாக, ஒரு மருந்துச் சீட்டின் வழியாக, ஒரு பேருந்தின் பெயர்ப்பலகை வழியாக. அவற்றில் தமிழ் வாசிக்க முடியாத அளவில் இருந்தால், அல்லது தவறாக இருந்தால், சட்டம் கொடுத்ததை எழுத்து பறித்துவிடுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பலகையின் முன் நின்று ஒரே பிழையைப் பார்க்கிறார்கள். இந்த விடயத்தில் இரு சமூகத்தினரின் நலனும் ஒன்றே.

அரச அலுவலகங்களைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடவும் கூடாது. நம் கடைகளின் பலகைகளும், நம் சங்கங்களின் அழைப்பிதழ்களும், நம் பத்திரிகைகளின் பக்கங்களும் எவ்வாறு உள்ளன? கட்டுரைக்கு ஒவ்வாத படம், படத்தை மறைக்கும் தலைப்பு, வாசிக்க இயலாத அலங்கார எழுத்து ஆகியவற்றை நாமே அச்சிடுகிறோம். பாரதி விழா அழைப்பிதழிலேயே ஒற்றுப்பிழைகள் மலிந்திருப்பதைப் பார்க்கிறோம்.

பாரதியிடம் கணினி இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான எழுத்துருக்களும் இருக்கவில்லை. ஈய எழுத்துகளும் சிவப்புத் தாளும் ஓர் ஓவியரின் கையும்தான் இருந்தன. இதை வாசிக்கப் போகிறவர் யார், அவருக்கு இது எப்படி விளங்கும், அவரால் இதை வாங்க முடியுமா என்ற கேள்விகளை அவர் ஒவ்வோர் இதழுக்கும் கேட்டுக்கொண்டார். டிசெம்பர் மாதந்தோறும் அவருடைய உருவப்படத்துக்கு மாலையிடும் நாம், அந்தப் படத்தின் கீழே எழுதப்படும் ஒரு வரியையேனும் பிழையின்றி, தெளிவாக, வாசிக்கத்தக்க அளவில் எழுதத் தொடங்குவோமாக. பத்திரிகாசிரியர் பாரதி அதையே முதலில் பார்த்திருப்பார்.